டிரெயினிங் அக்கா தேறிவிட்டார்

உள்ளறையிலிருந்து ‘சர்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம். பெரிய துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போல. அடுத்த நொடி ‘டக்’. மறுபடியும் ‘சர்ர்ர்ர்’.

“பயப்படாதீங்க. துணியும் கிழியல, என் தோலும் உரியல. டேப்பு அது,” என்றார் முன்னறையில் செய்தித்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்த கணவர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். சாயங்கால டிரிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் செருப்பைக் கழற்றியிருந்தார். “இந்த வீட்ல ரெண்டே சத்தந்தான். ஒண்ணு டேப்பு. இன்னொண்ணு அந்த டேப்பைப் பிடிச்சிருக்கிற மகராசி. நான் மூணாவதா ஒரு சத்தம் போட்டு இருபத்தேழு வருஷம் ஆகுது.”

“இங்க கேக்குது,” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

“கேக்கணும்னுதானே சொன்னேன்.”

அந்த மகராசியின் கதையைக் கேட்க வந்திருந்த நான் எட்டிப் பார்த்தேன். கட்டிலைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, பழைய அலமாரியிலிருந்து கழற்றிய கதவு ஒன்றை இரண்டு முக்காலிகளின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். கதவு முழுக்க ஆணிகள். ஆணிகளுக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, பச்சையில் மஞ்சள் கோடு போட்டது என்று இருபத்தெட்டு வயர்கள் வளைந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடின. அதன் முன்னால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒரு துண்டு டேப்பைப் பல்லில் கடித்தபடி நின்றுகொண்டிருந்தார் டிரெயினிங் அக்கா.

நாற்பத்தொன்பது வயது. ஒடிசலான உடம்பு. கை மட்டும் அந்த உடம்புக்கு உரியதில்லை என்று தோன்றும். கணுக்கள் தடித்து, கட்டைவிரல் பின்பக்கமாக வளைந்து, நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும். அக்கா நடப்பதையும் பார்க்க வேண்டும். நேராக நடக்க மாட்டார். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போவார். பத்தொன்பது வருஷம் ஒரு பலகையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கும், வலதிலிருந்து இடதுக்கும் நகர்ந்த கால்கள் அவை. வேலை போய் ஐந்து வருஷம் ஆகிவிட்டது. கால்களுக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

காருக்கும் வேனுக்கும் முகப்பைத் திறந்தால் உள்ளே தடித்த பின்னல் போல வயர்க் கட்டு ஒன்று ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, கண்ணாடி துடைப்பானுக்கு ஒன்று. அந்தக் கட்டை எந்த இயந்திரமும் கட்டுவதில்லை. ஆணி அடித்த பலகைக்கு முன்னால் ஒரு பெண் நின்று, ஒவ்வொரு வயரையும் அதனதன் பாதையில் படுக்கவைத்து, சேர்த்துப் பிடித்து, டேப் சுற்றிக் கட்டுகிறாள். ஒரு வயர் இடம் மாறினால் ஹாரனை அழுத்தும்போது விளக்கு எரியும். “நான் கட்டின வண்டியில அப்படி ஒரு தடவைகூட எரிஞ்சதில்ல,” என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிரும்.

வீட்டில் கட்டப்படாமல் தப்பித்த பொருள் எதுவும் இல்லை. செல்போன் சார்ஜர், ஜன்னல் திரை, துடைப்பம், கணவரின் மூக்குக்கண்ணாடிக் கால் எல்லாவற்றிலும் ஒரு சுற்று கறுப்பு டேப் இருக்கும். மனிதர்களையும் அவர் வயர் கணக்கில்தான் எடைபோடுவார். கீழ்வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரைப் பற்றி, “அவர் சிவப்பு வயருங்க, தொட்டா அடிக்கும்,” என்பார். கணவரைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். “இவரா? எர்த்து. எது வந்தாலும் மண்ணுக்குள்ள விட்டுடுவார்.”

வயர்க் கட்டு வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்ட மறுவாரமே அக்கா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துகொண்டார். கவுன்ட்டரில் இருந்த அம்மாள் அனுதாபத்தோடு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். அது முடிந்ததும் இன்னொன்று. பிறகு இன்னொன்று. இப்படி ஐந்து வருஷத்தில் ஒன்பது பயிற்சிகள். கட்டடத்தில் இருக்கிற பன்னிரண்டு குடித்தனமும் அவரை டிரெயினிங் அக்கா என்று கூப்பிடத் தொடங்கியது அப்படித்தான். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் தட்டக் கற்றுக்கொண்டார். முதியோர் பராமரிப்பு கற்றுக்கொண்டார். கேக் செய்யக் கற்றுக்கொண்டார். வீட்டில் அடுப்பு இரண்டு பர்னர், ஓவன் கிடையாது. கிடங்குகளில் சாமான் தூக்கும் வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டார். பயிற்சி மையத்தில் இருந்த ஒரே வண்டி ரிப்பேர் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் கற்பனையில் திருப்பித்தான். காளான் வளர்ப்பு. அழகுக்கலை. வாடிக்கையாளரிடம் பேசும் முறை.

“பதினோரு நாளு சிரிக்கச் சொல்லிக் குடுத்தாங்க. மேல் பல்லு எட்டு தெரியணுமாம். எனக்கு ஒண்ணு விழுந்துபோச்சு, ஏழுதான் இருக்கு. ஏழுக்கு மார்க் உண்டான்னு கேட்டேன். சார் சிரிக்கவே இல்ல. சிரிக்கக் கத்துக் குடுக்கற சாரு!”

நேர்முகத் தேர்வுக்குத் தயாராவது எப்படி என்று வகுப்பெடுத்த இன்னொரு ஆசிரியரை அடுத்த பயிற்சியில் தன் பக்கத்து நாற்காலியில் பார்த்தார் அக்கா. அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். இருவரும் சேர்ந்து காளான் வளர்த்தார்கள்.

சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நனையாது, கிழியாது. சூடான பாத்திரத்தை இறக்கிவைக்க அக்கா எடுப்பது காளான் சான்றிதழை. முதியோர் பராமரிப்பை மட்டும் அலமாரியில் பத்திரமாக வைத்திருக்கிறார். அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஒருநாள் கவுன்ட்டர் அம்மாளிடம் ஒரு சந்தேகம் கேட்டாராம்.

“பயிற்சியில இருக்கற மூணு மாசம் நான் வேலையில்லாதவளா, வேலையில இருக்கறவளாம்மா?”

“ரெண்டும் இல்ல. பயிற்சியில இருக்கறவங்க வேலையில்லாதவங்க கணக்குல வர மாட்டாங்க.”

“அப்ப எந்தக் கணக்குல வருவேன்?”

“பயிற்சிக் கணக்குல.”

“பயிற்சி முடிஞ்சதும்?”

“இங்க வாங்க. இன்னொரு பயிற்சி இருக்கும்.”

இதைச் சொல்லிவிட்டு அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “பாத்தீங்களா? வருஷத்துல அஞ்சு மாசம் என் ஒருத்தியாலேயே நாட்டுல வேலையில்லாத் திண்டாட்டம் கொறையுது!” சிரிப்பு நின்ற பிறகும் கண்ணில் நீர் நின்றிருந்தது. அதை நான் பார்க்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பயிற்சிகளுக்கு நடுவே நேர்முகத் தேர்வுகள். அவற்றை அக்காவும் அவருடைய பழைய சிநேகிதிகளும் ‘டீ பிஸ்கட்’ என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து ஆட்களை வரவழைக்க விரும்பும் எந்த நிறுவனமும் முதலில் உள்ளூரில் பதிந்து வைத்திருப்பவர்களைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். ஒருவரும் தேறவில்லை என்று காகிதம் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். ஆகவே கூப்பிடுவார்கள். வரிசையாக உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், இரண்டு பிஸ்கட் கொடுப்பார்கள். செய்ய முடியாத எதையாவது செய்யச் சொல்வார்கள். ‘தேறவில்லை’ என்ற இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மரியாதையாக வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். போகாமல் இருக்கவும் முடியாது. மூன்று தடவை போகாவிட்டால் பதிவேட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

அக்கா பன்னிரண்டு டீ குடித்திருந்தார். பதின்மூன்றாவது அழைப்பு வந்தது அவருடைய பழைய தொழிற்சாலையிலிருந்து.

ஆமாம், அதே கட்டடம். வேறொரு நிறுவனம் ஏலத்தில் எடுத்து, புதுச் சுண்ணாம்பு அடித்து, வேறு பெயர்ப்பலகை மாட்டியிருந்தது. வயர்க் கட்டு வேலைதான். நாற்பது பெண்கள் வேண்டும். நாற்பது பேரையும் கடல் தாண்டி ஓர் ஏஜென்ட் தயாராக வைத்திருந்தார். உள்ளூரில் யாரும் தேறவில்லை என்ற காகிதம் ஒன்றுதான் பாக்கி.

அந்தக் காகிதத்துக்காக ஒரு சோதனை வைத்தார்கள். இங்கேதான் அவர்கள் ஒரு தப்புச் செய்தார்கள். கட்டடத்தோடு சேர்ந்து ஏலத்தில் வந்த பழைய பலகைகள் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன. இருப்பதிலேயே சிக்கலானதாகப் பார்த்து ஒன்றை இறக்கி நிறுத்தினார்கள். இருபத்தெட்டு வயர், பன்னிரண்டு நிமிடம். இதை யாராலும் முடிக்க முடியாது என்பது அவர்கள் நம்பிக்கை. புது சூப்பர்வைசருக்கே இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

இதற்கு மேல் அக்கா சொல்வதுதான் சரி.

“பதினஞ்சு பேர் போயிருந்தோம். பதினாலு பேரும் பாதியிலேயே கையைத் தூக்கிட்டாங்க. பாவம், பாதிப்பேர் சாக்கு தைக்கற கம்பெனியில இருந்தவங்க, வயரையே இப்பத்தான் பாக்கறாங்க. கடைசியா என்னைக் கூப்பிட்டாங்க. உள்ள போனேன். பலகையைப் பாத்தேன். கண்ணாடியை எறக்கி மறுபடியும் பாத்தேன். ஏன்னா அந்தப் பலகையில நாலாவது வரிசையில ஒரு ஆணி வளைஞ்சிருந்துச்சு. அதை வளைச்சவளே நான்தானே! விரல்ல குத்திக்கிட்டே இருக்குன்னு பாப்பா பொறந்த வருஷம் சுத்தியலால ஒரு தட்டுத் தட்டினேன்.”

பத்தொன்பது வருஷம் அவர் நின்ற ஏழாம் நம்பர் பலகை!

“அப்புறம் நான் எதையும் பாக்கல. கைதான் பாத்துச்சு. சூப்பர்வைசர் கடிகாரத்தை நிறுத்த மறந்துட்டான், நான்தான் சொன்னேன். பத்து நிமிஷம் சொச்சம். ஏதோ தப்பு இருக்கும்னு கட்டை எடுத்துட்டுப் போய் விளக்குப் பெட்டியில மாட்டிப் பாத்தாங்க. இருபத்தெட்டு விளக்கும் எரிஞ்சுது. சாக்குக் கம்பெனி பொண்ணு ஒருத்தி மட்டும் கையைத் தட்டினா.” ஒரு வயரை நீவிவிட்டபடியே, “அன்னிக்கு டீ வரல. தேறினவங்களுக்குக் குடுக்கச் சொல்லி உத்தரவு இல்லபோல,” என்றார்.

தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். அன்று மாலையே அலமாரிக் கதவு கழற்றப்பட்டது. பழைய சாமான் கடையிலிருந்து வயர்கள் வந்தன. “கை நெனப்பு வெச்சிருக்கு. அது மறந்துடறதுக்குள்ள கடுதாசி வந்துடணும்.” ஒன்பது நாளாக அந்த ‘சர்ர்ர்ர்’ சத்தம் கட்டடம் முழுவதும் கேட்கிறது.

அக்கா அந்தக் கடிதத்துக்காக ஏன் இப்படித் தவம் கிடக்கிறார்? அதற்குக் காரணம் முன்னறையில் டெலிவிஷனுக்கு மேல் இருக்கிறது. வெளிர்நீலச் சீருடையில் ஒரு பெண்ணின் படம். கழுத்தில் அடையாள அட்டை, பின்னால் பனி. அக்காவின் ஒரே மகள். அம்மாவுக்கு வேலை போனதும் வேன் சம்பளம் வீட்டு வாடகைக்கே சரியாகிவிட்டது. அம்மா வாங்கிவந்த முதியோர் பராமரிப்புப் புத்தகத்தை மகள் எடுத்துப் படித்தாள். அதே பயிற்சிக்குத் தானும் போனாள். மூன்று வருஷ ஒப்பந்தத்தில் குளிர் நாடு ஒன்றுக்கு விமானம் ஏறினாள். அங்கே முதியவர்களைக் குளிப்பாட்டுகிறாள், ஊட்டிவிடுகிறாள். ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, திரும்பி வரவா என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறாள். “கொஞ்சம் பொறு பாப்பா, கடுதாசி வந்துடட்டும்,” என்று சோதனைக்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக அக்கா சொல்கிறார்.

இத்தனையும் கேட்டு முடித்த நேரத்தில் வாசல் மணி அடித்தது.

வந்தவருக்கு முப்பது வயது இருக்கும். கம்பெனி அட்டையை நாடாவோடு சட்டைப் பைக்குள் செருகியிருந்தார். கையில் ஒரு ஃபைல். “மேடம், பெர்சனல் டிபார்ட்மென்ட்லேர்ந்து வரேன்,” என்றதும் அக்காவின் முகம் எப்படி மலர்ந்தது என்று எழுத என்னிடம் வார்த்தை இல்லை. வாயிலிருந்த டேப்புத் துண்டை எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு, “உக்காருங்க தம்பி, உக்காருங்க. என்னங்க, அந்த ஃபேனைப் போடுங்க,” என்று பக்கவாட்டில் ஓடினார். டீ வந்தது. பிஸ்கட்டும் வந்தது.

“இந்தத் தடவை நான் உங்களுக்குக் குடுக்கறேன்,” என்றார் அக்கா.

வந்தவருக்கு அது புரியவில்லை. ஃபைலைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். எல்லாம் ஏற்கெனவே தட்டச்சாகியிருந்தது. அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாய்விட்டு வாசித்தார். “...உடல்நலக் காரணத்தால் மேற்படிப் பணியை ஏற்க இயலவில்லை என்று...” வாசிப்பது அங்கேயே நின்றது.

“எனக்கு என்ன உடம்பு தம்பி?”

“அது... பொதுவா போட்டிருக்கு மேடம். இன்ன வியாதின்னு எழுதல.”

“சுகர்னு எழுதிக்கோங்க,” என்றார் கணவர். “எனக்கு இருக்கு. கல்யாணம் ஆனவங்க, பாதி அவளுக்கும் சேரும்ல?” குரலில் வேடிக்கை இருந்தது. கண் மட்டும் அந்தத் தாளிலேயே இருந்தது.

அந்த இளைஞர் தலையைக் குனிந்துகொண்டு விவரித்தார். உள்ளூரில் ஒருவர்கூட இல்லை என்று எழுதித்தான் அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒருவர் தேறிவிட்டதாகக் காகிதத்தில் ஏறினால் அந்த விண்ணப்பம் நிற்காது. மறுபடி விளம்பரம், மறுபடி சோதனை என்று இரண்டு மாதம் இழுக்கும். அக்கா தானாகவே விலகிக்கொண்டதாக எழுதிக் கொடுத்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது.

“சும்மா கேக்கல மேடம். வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்க ஆள் வேணும். உங்களையே டிரெய்னரா போடறதா எம்.டி. சொல்லிட்டார். மூணு மாசம். சம்பளமும் இதைவிட ஜாஸ்தி.”

ஒன்பது தடவை மாணவியாக உட்கார்ந்த பெண்மணிக்கு ஆசிரியர் நாற்காலி! அக்கா ஒரு கணம் தடுமாறியதை நான் பார்த்தேன்.

“வேலை செய்ய உடம்பு சரியில்லாதவ, சொல்லிக் குடுக்க மட்டும் எப்படி வருவா தம்பி?”

இளைஞர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார்.

“சரி, மூணு மாசத்துக்கு அப்புறம்?”

உடைத்ததில் ஒரு பாதியை அவர் டீயில் முக்கினார்.

“எனக்குத் தெரியும். கவுன்ட்டரம்மா. பத்தாவது பயிற்சி.”

இளைஞர் டீயைக் கீழே வைத்தார். டெலிவிஷன் மேலிருந்த படத்தைப் பார்த்தார். “பொண்ணா மேடம்? வெளிநாடா?”

“ம்.”

“அப்ப உங்களுக்கு நான் சொல்லணும்னு இல்ல. அந்த நாப்பது பேரும் இந்த மாதிரிப் பொண்ணுங்கதான். இருந்த வேலையை விட்டுட்டு, நகையை வித்து ஏஜென்டுக்குக் கட்டிட்டு, பெட்டியைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்காங்க. உங்க ஒருத்தங்களால நாப்பது வீடு மேடம்...”

ஈட்டி என்றால் இதுதான் ஈட்டி! தெரிந்து எறிந்தாரா, தெரியாமல் எறிந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா எழுந்து உள்ளே போய்விட்டார். டேப் சத்தம் வரும் என்று மூவரும் காத்திருந்தோம். வரவில்லை. கணவர் செய்தித்தாளை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

“தம்பி, எம் பொண்ணு அங்க போய்ச் சேந்த வாரம் நடந்ததைச் சொல்றேன். அந்த முதியோர் இல்லத்துல அந்த ஊர்க்காரம்மா ஒருத்தங்க, என் வயசுதானாம், பாப்பாவைக் கூட்டிட்டுப் போய் எது எது எங்க இருக்குன்னு ஒவ்வொண்ணா காட்டியிருக்காங்க. எந்தத் தாத்தாவுக்கு வலது காது கேக்காது, எந்தப் பாட்டிக்குப் பால்ல சக்கரை கூடாது, எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காங்க. கடைசியில துணி அடுக்கற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதாங்களாம். அன்னிக்குத்தான் அவங்களுக்குக் கடைசி நாளாம். பாப்பா ராத்திரி போன் பண்ணி, ‘அம்மா, நான் யாரோ ஒருத்தங்க இடத்துல நிக்கறேம்மா’ன்னு அழறா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘கண்டுக்காத, உன் வேலையைப் பாரு’ன்னேன்.”

அக்கா மகளின் படத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அந்தம்மா வீட்டுக்கும் ஒருத்தர் இப்படிப் பேப்பரோட போயிருப்பார்ல?”

காலை ஆட்டிக்கொண்டிருந்த இளைஞர் நிறுத்தினார்.

“இங்க வரப்போற அந்த நாப்பது பொண்ணுங்க எத்தனை மணி நேரம் வேலை பாக்கப் போறாங்க?”

“பன்னண்டு.”

“எட்டு மணி நேரம்னு வெச்சா நாப்பது பேர் வேலைக்கு எத்தனை பேர் வேணும்?”

அவர் மனக்கணக்குப் போட்டார். “அறுபது.”

“அப்ப இருபது இடம் இருக்கு. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன்.”

“மேடம், அதெல்லாம் மேல முடிவு பண்றது...”

“மேல இருக்கறவங்ககிட்டத்தான் சொல்றேன், உங்க காது வழியா. அவங்க வரட்டும் தம்பி. ஏன் வரக் கூடாது? அவங்க அம்மா வயித்துலயும் நெருப்புதான் எரியும். நானே பக்கத்துல நின்னு சொல்லித் தரேன், சம்பளம் தனியா வேணாம். ஆனா நானும் அங்க நிக்கணும். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. இதுல கையெழுத்து போட்டா எம் பொண்ணுக்கு இன்னும் மூணு வருஷத்துக்கு நானே கையெழுத்து போட்ட மாதிரி. போட மாட்டேன்.”

தாளை மடிப்புக் கலையாமல் ஃபைலுக்குள் வைத்து அவரிடமே நீட்டினார்.

அந்த இளைஞர் அதை வாங்கவில்லை. “நாளைக்குக் காலையில பேப்பர் எங்கன்னு கேப்பாங்கக்கா,” என்றார். மேடம் எப்போது அக்கா ஆனார் என்று அவரே கவனித்திருக்க மாட்டார்.

“உங்களுக்கு பர்மனன்ட்டா தம்பி?”

“பதினோரு மாச காண்ட்ராக்ட். இன்னும் ரெண்டு மாசம் இருக்கு.”

“கவலைப்படாதீங்க,” என்றார் கணவர். “காளான் வளர்ப்பு நல்ல கோர்ஸு. படிச்ச ஆள் வீட்லயே இருக்காங்க, சொல்லிக் குடுப்பாங்க.”

இளைஞர் சிரித்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று அடக்கி, அடக்க முடியாமல் வந்த சிரிப்பு. அக்காவும் ஏழு பல் தெரியச் சிரித்தார்.

அவர் ஃபைலை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார். மிச்சமிருந்த டீயை மரியாதைக்காக ஒரே மடக்கில் குடித்தார். வாசல்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டவர், யாருமில்லாத மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, டெஸ்ட் ஷீட்ல உங்க நேரம் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்து போட்டிருக்கார். ஒரு காப்பி வேலைவாய்ப்பு ஆபீசுக்குப் போயாச்சு. எங்க ஆளுங்க அதைக் கவனிக்கல. நாளைக்குப் போய்ப் பாருங்க. தேறினவங்களுக்குப் பதினஞ்சு நாளைக்குள்ள வேலை ஆர்டர் குடுக்கணும்னு இருக்கு. குடுக்கலைன்னா வெளிநாட்டு ஆளுங்களுக்கான எங்க ஃபைலே நகராது.” ஃபைலைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். “நான் சொன்னேன்னு வேணாம்.”

“நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது தம்பி,” என்றார் அக்கா.

அவர் படியிறங்கத் தொடங்கினார். சாயங்காலம் ஆனாலே அந்தப் படிக்கட்டு கிணறு போல இருட்டிவிடும், ஜன்னல் கிடையாது. விளக்குக்கான பொத்தான் வாசல் நிலைக்கு வெளியே இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் எரியும், விரலை எடுத்தால் அணைந்துவிடும். அக்கா வெளியே போய் நின்று, வளைந்த அந்தக் கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“பாத்து எறங்குங்க. ரெண்டாவது மாடித் திருப்பத்துல ஒரு படி உடைஞ்சிருக்கு.”

“சரிக்கா.”

ஒரு மாடி. இரண்டு மாடி. காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. “போதும் வாம்மா,” என்றார் கணவர் உள்ளேயிருந்து. அக்கா அசையவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டபடி நின்றார். வெகு கீழே இரும்புக் கதவு திறந்து மூடும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் விரலை எடுத்தார். படிக்கட்டு இருண்டது. அக்கா உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.